காலி இடத்தில் ஒரு பேய்

கைக்காசில் எடுத்த பேய்ப்பட ஆந்தாலஜிகள் (ஒரே படத்தில் பல குட்டிக் கதைகள்) மீது எனக்குத் தீராத பிரியம். 1987இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் த குவாடெட் ஸோன்’ அதில் முக்கியமானது. சிகாகோவைச் சேர்ந்த கறுப்பின இயக்குநர் செஸ்டர் நோவெல் டர்னர், ஸ்டுடியோ எதையும் நம்பாமல் சாதாரண வீடியோ கேமராவில் எடுத்த படம்.

ஒரு அம்மா, இறந்துபோன தன் மகனின் ஆவிக்குக் கதை படித்துக் காட்டுகிறாள். அவன் கண்ணுக்கே தெரிய மாட்டான். காசில்லாததால் வந்த யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் காலி இடத்தைப் பார்த்து அவள் கொஞ்சிப் பேசும்போது மனசு கனத்துப் போகிறது. அப்புறம் அவள் படிக்கும் முதல் கதை: வீட்டில் ஆட்கள் நிறைய, சாப்பாடு கொஞ்சம். பேயே இல்லை, பசிதான் பயமுறுத்துகிறது.

குறைகள் உண்டு. கீபோர்டு இசை வசனத்தை விழுங்குகிறது. இரண்டாவது கதையில் அண்ணன் தம்பி பகை நல்ல கரு. காட்சிகள்தான் இழுத்துக்கொண்டே போகின்றன. ஒரு நல்ல எடிட்டர் இருந்திருந்தால் என்று ஏக்கமாக இருக்கிறது.

பல வருடங்கள் பழைய கேசட் சேகரிப்பாளர்களிடம் மட்டுமே இருந்த படம் இது. பிறகு டிவிடியாக வந்தது. கிடைத்தால் பாருங்கள், முதல் கதையையாவது.