மெல்லப் பொங்கும் சாறு

2018 இலையுதிர்காலம் முழுவதும் கனடாவின் நோவா ஸ்கோசியாவில், அனாபொலிஸ் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய வைன் தோட்டத்தில் வேலை செய்தேன். மட்டக்களப்பில் அதைச் சொன்னால், "அந்தக் குளிரில திராட்சையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

விளைகிறது, ஆனால் லேசில் இல்லை. அந்த வருடம் ஜூன் 4ஆம் திகதி உறைபனி விழுந்து துளிர்கள் கருகிவிட்டன. நான் போனபோது பல வரிசைகளில் குலையே இல்லை. மிஞ்சியதில் அதிகம் லா அகாடி என்ற வெள்ளைத் திராட்சை. குளிரைத் தாங்கும் இந்தக் கலப்பினத்தை ஒன்ராறியோவில் 1953இல் உருவாக்கினார்கள். முதலாளி தினமும் ஒரு பழத்தைக் கடித்து, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். விதை பழுப்பாகும்வரை நாங்கள் கத்தரிக்கோலைத் தொடவில்லை. இவ்வளவு இழந்த மனிதர் எப்படி இத்தனை பொறுமையாக இருந்தார் என்று இப்போதும் நினைப்பேன்.

என் வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான். தாங்கி, பிழியும் இயந்திரம், குழாய். ஒரு நாள் குழாய் வளைவில் கொஞ்சம் சாறு தங்கிவிட்டது. காலையில் வினாகிரி வாசம். முதலாளி ஏசவில்லை, குழாயை என் மூக்கருகே பிடித்தார், அவ்வளவுதான். சாற்றைப் பொங்கவைத்து வைனாக்க நாங்கள் இட்ட ஈஸ்ட்டைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. தாங்கியை 15 பாகைக்கு மேல் சூடேற விடமாட்டோம். வேகமாகப் பொங்கினால் வாயுவோடு மணமும் போய்விடும். இரவில் தாங்கியில் காதை வைத்தால் தூரத்து மழைபோல ஒரு சீறல் கேட்கும். மூன்று வாரம் அந்தச் சத்தத்தோடு இருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஊர் திரும்பியபின் வாழைச்சேனையில் மாமாவைப் பார்க்கப் போனேன். தென்னங்கள்ளு இறக்குகிறவர். விடியற்காலையில் இறக்கிய முட்டியில் அப்போதே நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"கெதியாக் குடி மருமகன், வெயில் ஏறினாப் புளிச்சிரும்."

அங்கே மூன்று வாரம் எடுத்தது இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது. வெறும் முட்டியை எடுத்துப் பார்த்தேன். அடியில் நேற்றைய மண்டி. கழுவித் தரட்டுமா என்று கேட்டேன்.

மாமா முட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கழுவினா எப்பிடி மகன் பொங்கும்? நாளைய கள்ளு அதுக்குள்ளதானே இருக்கு."