பர்மா கடிதங்களைக் காப்பகத்தில் சேர்த்த கதை

பாட்டையா பர்மாவின் மோல்மீன் நகரில் கடை வைத்திருந்த காலத்துக் கடிதங்கள், காரைக்குடி வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. ராமபாணப் பூச்சி ஓரங்களை அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் லேமினேட் பண்ணித் தருவதாகச் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து சேதமில்லாமல் உரிப்பது பெரும்பாடு. செல்லோ டேப்பும் வேண்டாம்.

சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போன் செய்தேன். "பிரிச்சு அடுக்காதீங்க சார், இருக்கிறபடியே கொண்டு வாங்க" என்றார்கள். கம்பியில் குத்தி வைத்த வரிசையைப் பார்த்தே எந்தக் கடிதத்துக்கு எது பதில், எந்தக் கணக்குச் சீட்டு எதோடு வந்தது என்று சொல்லிவிட முடியுமாம். பூச்சி இல்லை என்று உறுதியாகும்வரை பெட்டி தனியறையில் இருந்தது. அப்புறம் துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்தார்கள், மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினார்கள், கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்தார்கள்.

பட்டியல் போடும்போதுதான் சுவாரசியம். தேதியெல்லாம் ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) குறிகளோடு, தமிழ் எண்களில். ஒரு கடிதத்தில் ‘ஈசுவர௵ ஆவணி௴’ என்று இருந்தது. அறுபது வருடச் சுற்றில் அது 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். உறையில் இருந்த இந்திய அஞ்சல்தலையின் மேல் ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது வந்த தலை அது. சரி, 1937தான். மேலாள் (கடையை நடத்துபவர்), அடுத்தாள் (அவருக்கு உதவியாளர்) சம்பளக் கணக்குச் சுருக்கெழுத்துகளை வாசிக்க நானும் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

உண்மையில் இழுத்தடித்தது கையெழுத்து. பெட்டி குடும்பத்தின் பொதுச் சொத்து என்பதால் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பெரியப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நம்ம வீட்டுக் கடன் கதையை ஊரே படிக்கணுமாப்பா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சில கடிதங்களைக் குறிப்பிட்ட காலம்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்று காப்பகத்தில் சொன்னார்கள். எவை என்று அவரே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கொடுக்கும் முன் இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள்: ஸ்கேன் பிரதி வீட்டுக்கும் வேண்டும் என்று. எங்களுக்கு ஹார்டு டிஸ்க்கில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியல் எண்ணே பெயர், அதனால் தேடுவது சுலபம்.