குதிகால் படங்கள்

ஜூன் 3
பரண் பெட்டியில் கேனான் ஏ590 கிடைத்தது. 2008இல் வந்த கேமரா. இரண்டு பென்சில் பேட்டரி போட்டதும் லென்ஸ் கிர்ரென்று வெளியே வந்தது. போன் படத்தில் அப்பாவின் குதிகால் புண் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் ஆரஞ்சு. எனக்கு ஒரே மாதிரி படம் வேண்டும்.

ஜூன் 4
எல்லாமே மங்கல்.

ஜூன் 5
பூ போட்ட பட்டனை அழுத்த மறந்திருக்கிறேன். அழுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம், ஜூமைத் தொடக் கூடாது. ஆனால் அவ்வளவு கிட்டே போனால் லென்ஸின் நிழலே புண் மேல் விழுகிறது. இடித்துவிடுவேனோ என்றும் பயம். இடித்தாலும் அப்பாவுக்குத் தெரியாது, சுகரில் மரத்துப்போன கால். ஆணி ஏறியதே தெரியாமல்தானே மூன்று நாள் நடந்தார். 15 சென்டிமீட்டர் தள்ளி எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக்கொள்கிறேன்.

ஜூன் 6
ஃபிளாஷ் போட்டால் ஈரம் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. சலைனா சீழா என்றே தெரியவில்லை. இனி காலை ஒன்பது மணி, தார்சா ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்த பிறகு சிவப்பு சிவப்பாகவே வருகிறது. அரிசி டப்பா மேல் கேமரா, இரண்டு செகண்ட் டைமர். பக்கத்தில் பேப்பர் ஸ்கேல்.

ஜூன் 8
24 மில்லிமீட்டர்.

ஜூன் 9
24.

ஜூன் 11
21! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அதே நாள், இரவு
தூக்கம் வரவில்லை. புண் குதிகால் வளைவில் இருக்கிறது. இன்று கேமரா பக்கவாட்டில் இருந்திருக்கிறது. ஸ்கேல் லென்ஸைப் பார்த்து நேராக, புண் மட்டும் திரும்பி. திரும்பிய முகம் ஒடுங்கித் தெரியுமே, அப்படி. மூன்று மில்லிமீட்டரும் பொய். அம்மா அதற்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டாள்.

ஜூன் 12
நேராக வைத்து நான்கு தடவை எடுத்தேன். நான்கிலும் 23. ஒன்று குறைந்திருக்கிறது, நிஜமாகவே. அடியில் ரோஜா நிறத்தில் பொடிப்பொடியாக இருப்பது புதுச் சதை என்றார் சிஸ்டர். ஓரத்து மஞ்சள் இன்னும் போகவில்லை.

ஜூன் 14
சுகர் 260. படம் எடுக்கவில்லை.

ஜூன் 15
"ஏட்டி, எத்தன நாளு என் காலையே படம் புடிப்ப? அந்த முருங்கப் பூவ எடேன்."

எடுத்தேன், ஐந்து சென்டிமீட்டரில். மகரந்த நுனி ஒன்றுதான் கூர்மை, பின்னால் இருந்த கொத்தெல்லாம் கரைந்துவிட்டது. நுனியில் ஓர் எறும்பு, நான் பார்க்கவே இல்லை. அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்டுபிடித்தார். "மீசை எப்படி முறுக்கியிருக்கு பாரு." ரொம்ப நேரம் கேமராவைத் திருப்பித் தரவில்லை. இன்று முழுக்க நல்ல நாள்.

ஜூன் 17
23. மேல் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

12ஆம் தேதிப் படத்தில் இல்லை. நான்கையும் பார்த்துவிட்டேன். 15ஆம் தேதி பூவை எடுத்தேன், காலை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். பஞ்சு நூலாக இருக்கலாம். பெரிதாக்கினால் அந்த இடம் தெளிவாக இல்லை, ஃபோகஸ் சதுரத்தை ஸ்கேல் கோட்டின் மேல் வைத்துவிட்டிருக்கிறேன். கட்டு போட்டாயிற்று, இப்போது பிரிக்க முடியாது. அப்பா தூங்குகிறார். மணி இரண்டு. வெளிச்சம் வர இன்னும் ஏழு மணி நேரம். பேட்டரியை சார்ஜில் போட்டிருக்கிறேன்.