தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில் நின்றுபோன கல்லா

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப்பிள்ளை நான். கணினி பார்ப்பது என் வேலையே இல்லை. கடையில் வேறு யாருக்கும் தெரியாததால் என் தலையில் விழுந்தது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மாதக்கணக்கில் திரையில் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நானும் நாளை நாளை என்று தள்ளிப்போட்டேன். கடைசி வாரத்தில் பயம் பிடித்துக்கொள்ள, 11-ஆம் தேதி சனிக்கிழமை இரவு கடை சாத்திய பிறகு, மாடியில் இருக்கும் பிரதானக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். தீபாவளி 20-ஆம் தேதி. புத்தியுள்ள கடைக்காரன் எவனும் அந்த வாரத்தில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றமாட்டான்.

மாற்றம் ஒழுங்காகத்தான் முடிந்தது. வட்டில் இடம் குறைந்திருந்ததைக் கண்டு, பழைய விண்டோஸின் கோப்புகளையும் துடைத்தெறிந்துவிட்டு, இருபது ஜிபிக்கு மேல் மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கீழே இரண்டு கல்லாவிலும் ஒரே செய்தி: சர்வருடன் இணைக்க முடியவில்லை. எங்கள் சேலைகளில் பார்கோடு மட்டும்தான் ஒட்டியிருக்கும். விலை, இருப்பு எல்லாம் மாடிக் கணினியில் ஓடும் சரக்கு மேலாண்மை மென்பொருளுக்குள் இருக்கிறது. வாசலில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பதினோரு உருப்படிகளோடு நிற்கிறது. நல்லவேளையாகக் கல்லாவில் இருக்கும் அக்காவுக்குப் பாதிக் கடையின் விலை மனப்பாடம். கார்பன் தாள் வைத்த பழைய பில் புத்தகத்தை எங்கிருந்தோ எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி மாடிக்கு வந்தார். "தம்பி, பழையதையே திரும்பக் கொண்டுவந்துவிட முடியாதா?"

முடியும். புதிய விண்டோஸுக்கு மாறிய பத்து நாளுக்குள் அமைப்புகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழையது திரும்பிவிடும், அதற்கான கோப்புகள் இருந்தால். அவற்றைத்தான் நான் முந்தின இரவு பெருமையோடு துடைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "பார்க்கிறேன் முதலாளி" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஐந்து மணி நேரம் நான் செய்தது எல்லாம் வீண் வேலை. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், இரண்டு முறை. விற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? மத்தியானம் யாரோ வாங்கி வந்த நாசி கண்டார் மேசையிலேயே ஆறிப்போனது.

மூன்று மணிக்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்காள் மகனை அழைத்தேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, அந்த மென்பொருளை விடுங்கள். அதற்கு அடியில் இருக்கும் தரவுத்தளம் ஓடுகிறதா?" என்றான். சேவைகளின் பட்டியலைத் திறந்தேன். எஸ்க்யூஎல் சர்வர் என்ற அந்தத் தரவுத்தளம் நின்றிருந்தது. தொடங்கினால் கொஞ்ச நேரம் திணறிவிட்டு மறுபடி விழுந்தது. அது தன் பாட்டுக்கு எழுதி வைக்கும் பிழைப் பதிவைப் படிக்கச் சொன்னான். நோட்பேடில் திறந்தால், வட்டில் எழுதும் இடம் 256 முறை பொருந்தவில்லை என்று ஒரு வரி. காலையிலிருந்து அது அங்கேயே கிடந்திருக்கிறது.

விஷயம் இதுதான். வட்டு தன் தரவைத் துண்டு துண்டாகத்தான் எழுதும். எஸ்க்யூஎல் சர்வர் ஏற்கும் துண்டின் அளவு 512 பைட் அல்லது 4096 பைட். என்விஎம்இ என்ற வேகமான வகையில் சில புதிய வட்டுகளோ தங்கள் துண்டு 16384 பைட் என்கின்றன. நாலு கஜம் வெட்டித் தா என்று கேட்பவரிடம், பதினாறு கஜத்துக்குக் குறைந்து கத்தரிக்கோலையே எடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்? விண்டோஸ் 10 இந்தப் பெரிய அளவை வெளியே சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11 வட்டு சொல்வதை அப்படியே எடுத்துச் சொல்கிறது. போன வருடம் பழைய வட்டு பழுதானபோது இந்தப் புதிய வட்டைத் தேர்ந்தெடுத்து வாங்கி மாட்டியதும் நான்தான். ஒரு வருடம் சத்தமே இல்லாமல் ஓடியதால் அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஃப்எஸ்யூடில் கட்டளையால் சி வட்டின் செக்டர், அதாவது அந்தத் துண்டின், விவரத்தைக் கேட்டேன். 16384 என்று வந்தது. பரிகாரம் மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கத்திலேயே இருந்தது: விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வட்டை இயக்கும் ஸ்டோர்என்விஎம்இ என்ற இயக்கி நிரலின் கீழ், 'ஃபோர்ஸ்டு பிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ்' என்ற பெயரில் ஒரு மதிப்பு சேர்க்க வேண்டும். மதிப்பு: நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, 4095. 4096 அல்ல, 4095. தட்டச்சுப் பிழையோ என்று மூன்று முறை சரிபார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. ரெஜிஸ்ட்ரியை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, பார்த்துப் பார்த்து உள்ளிட்டு, கணினியை நிறுத்தித் தொடங்கினேன்.

ஐந்தரை மணி. கீழேயிருந்து பில் அச்சடிக்கும் சத்தம் கேட்டது. எதிர்க் கடையின் ஒலிபெருக்கியையும் மீறி எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

இரவு இன்னொன்று கிளம்பியது. தினசரிக் காப்பு நகல் போகும் பழைய நெட்வொர்க் பெட்டி திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்றது திரை. எங்கள் நிறுவனத்தில் மொத்தம் ஆறு பேர். பெருமாள் படமும் வரவு செலவு ஏடும் உண்டு, கொள்கை எதுவும் கிடையாது. கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக நுழைவதைப் புதிய விண்டோஸ் மறுக்கிறது, அவ்வளவுதான். பெட்டியில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினேன். பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை மென்பொருள்காரர்கள் அழைத்து, புதிய பதிப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர் கட்டினால் விண்டோஸ் 10-க்கு வணிக நிறுவனங்கள் இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கலாம் என்பது அதற்கு அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் முதலாளியிடம் சொல்லவில்லை.

கையால் எழுதிய பில்களைக் கணினியில் ஏற்ற இரண்டு இரவு பிடித்தது. அக்கா மனப்பாடமாகச் சொன்ன விலைகளில் நாலே நாலுதான் தவறு, அவையும் கடைக்கு லாபமாகவே. 4095 எழுதிய தாளைக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். புதன்கிழமை மாடிக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அன்று மாலையே நாலு நம்பர் லாட்டரியில் அந்த எண்ணை எடுத்திருக்கிறார். விழவில்லை.