பால்டர்ஸ் கேட் 3, முதல் ஆக்ட்: கூட்டாளிகளைக் கட்டி மேய்த்த குறிப்புகள்

பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆர்பிஜியை (பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு) ஆடியபோது எடுத்த குறிப்புகள் இவை. பேலன்ஸ்டு என்ற நடுத்தரக் கடினம், மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) எதுவும் இல்லை, சொந்தப் பாத்திரம் பார்ட் (பாட்டும் மந்திரமும் கலந்த வகுப்பு). கதை பற்றிய குறிப்பு இதில் குறைவு. யாரை எப்போது சேர்ப்பது, யாரை முகாமில் உட்கார வைப்பது, எதில் கை சுடும் என்பதுதான் விஷயம். கதை கெடக்கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லெவல் 1: ஆள் சேர்ப்பு

ஆட்டம் தொடங்கும் கப்பலில் கூட்டாளி லேஸெல் தானாகச் சேர்வாள். இன்னொரு கூட்டாளி ஷேடோஹார்ட் ஒரு மூடிய கூட்டுக்குள் (pod) அடைபட்டிருப்பாள். பக்கத்து அறையில் கிடக்கும் பிணத்தைத் துழாவினால் ஒரு ரூன் கிடைக்கும். அதைக் கூட்டின் அருகே உள்ள கன்சோலில் செருகினால் வெளியே வருவாள். அவசரத்தில் அவளை விட்டுவிட்டாலும் கரையில் மறுபடி கிடைப்பாள், ஆனால் காப்பாற்றியதற்கான நல்லெண்ணம் கிடைக்காது.

கப்பல் விழுந்து எல்லோரும் சிதறியபின், கரையில் அஸ்டாரியன் கப்பல் சிதைவுக்கு மேற்கே, கேல் பாறைச்சரிவில் வே பாயின்ட் (வேறிடம் தாவும் இடம்) போர்ட்டலுக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டு, லேஸெல் வடக்கே கூண்டில். வில் எமரால்ட் க்ரோவ் (அகதிகள் தங்கியிருக்கும் புகலிடம்) வாசல் சண்டையில் வந்துவிடுவான். கார்லாக் தள்ளி, ரைஸன் ரோடு பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறாள். லெவல் 3 ஆகாமல் அந்தப் பக்கம் போகாமலிருப்பது உடம்புக்கு நல்லது.

எல்லோரையும் உடனே சேர்க்கலாம். முகாமில் சும்மா இருப்பவருக்கும் அனுபவப் புள்ளி சமமாகத்தான் ஏறும். பழைய ஆர்பிஜி பழக்கத்தில் "இவனை இப்போதே கூட்டிப் போகாவிட்டால் பின்தங்கிவிடுவான்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே அந்தக் கவலை வேண்டாம்.

ஷேடோஹார்ட் ஏன் எப்போதும் தப்பவிடுகிறாள்

இந்த ஆட்டத்தில் அதிகம் வசவு வாங்குவது அவளுடைய ஃபயர் போல்ட். காரணம் எளிய கணக்கு. அந்த மந்திரம் அவளுடைய இனத்தின் வழியாக வருவது, அறிவு எண்ணில் ஓடுவது. அவளுக்கு அறிவு 10, அதாவது கூட்டல் பூஜ்யம். லெவல் 1இல் தேர்ச்சிக்கான 2 மட்டும் சேரும். ஏசி (காப்பு எண்) 15 உள்ள எதிரியைத் தொட 20 பக்கப் பகடையில் 13 விழ வேண்டும்: 40 சதவீதம். அதே ஃபயர் போல்ட்டை அறிவு 17 உள்ள கேல் போட்டால் 10 விழுந்தால் போதும், 55 சதவீதம். ஷேடோஹார்ட் கையில் சேக்ரட் ஃப்ளேம் இருக்கிறது. அது அவளுடைய ஞான எண் 17இல் ஓடும். சாமர்த்தியக் கூட்டல் 2 உள்ள எதிரிமேல் போட்டால் 50 சதவீதம் விழும். ஃபயர் போல்ட்டை ஹாட்பாரிலிருந்தே (திரையின் கீழ்ப் பொத்தான் வரிசை) தூக்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

மீதிப் பாதி அவளுடைய எண்களில் இருக்கிறது. வலிமை 13, சாமர்த்தியம் 13. ஒற்றைப்படை எண்ணுக்குத் தனிப் பலன் இல்லை, 12க்கு என்ன கிடைக்குமோ அதேதான் 13க்கும். பாழடைந்த கோயிலின் கீழ்க் கல்லறையில் விதர்ஸ் என்ற பாத்திரத்தைத் திறந்துவிட்டால் (தேடிப் போகாவிட்டாலும் முகாமுக்குத் தானே வந்துவிடுவார்) 100 தங்கத்துக்கு ரீஸ்பெக் (எண்களை மறுபடி பங்கிடுவது) செய்து தருவார், எத்தனை முறை வேண்டுமானாலும். போட்டது: வலிமை 10, சாமர்த்தியம் 14, உடலுரம் 16, அறிவு 8, ஞானம் 17, வசீகரம் 8. மீடியம் ஆர்மர் சாமர்த்தியத்திலிருந்து 2க்கு மேல் எடுத்துக்கொள்ளாது, அதனால் 14இல் நிறுத்தியாயிற்று. அவள் க்ளெரிக் (தெய்வ மந்திர வகுப்பு); அதன் உட்பிரிவான டொமைன் ட்ரிக்கரியிலிருந்து லைட்டுக்கு மாற்றம்.

உடலுரம் 16 எதற்கு என்றால் லெவல் 5இல் வரும் ஸ்பிரிட் கார்டியன்ஸுக்கு. கான்சன்ட்ரேஷன் மந்திரம் அது, கவனம் சிதறினால் கலைந்துவிடும். அடி விழும்போதெல்லாம் குறைந்தது 10 என்ற இலக்கைத் தாண்ட வேண்டும். கூட்டல் 3 என்றால் 70 சதவீதம் நிற்கும். லெவல் 4இல் வார் காஸ்டர் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தால் இரண்டு பகடை, 91 சதவீதம். ஞானத்தைக் கூட்டும் ஆசையை இந்த ஒரு லெவலுக்கு அடக்கிக்கொள்வது லாபம் என்பது என் கட்சி.

இன்னொன்று: இந்த ஆட்டத்தின் மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் சண்டை வரிசைக்கு 20 பக்கம் என்றிருந்தாலும், இந்த ஆட்டம் 4 பக்கப் பகடைதான் உருட்டுகிறது. ஆக சாமர்த்தியக் கூட்டல் 2 இங்கே பெரிய வித்தியாசம். வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் நம் ஆட்கள் ஒரே நேரத்தில் ஆடலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. லேஸெல் பாதி நடந்து நிற்க, ஷேடோஹார்ட் ப்ளெஸ் போட, லேஸெல் மீதியை அடித்து முடிக்கலாம்.

லெவல் 2, 3: தூக்கக் கணக்கு

முதல் முறை ஆடுகிறவர்கள் சறுக்குவது சண்டையில் இல்லை, தூங்காமல் ஓடுவதில். கூட்டாளிகளின் முகாம் காட்சிகள் லாங் ரெஸ்ட் (முகாமில் இரவுத் தூக்கம்) எடுத்தால்தான் வரும், அதுவும் ஓர் இரவுக்குப் பெரும்பாலும் ஒன்று. இரவைச் சேமித்துக்கொண்டே போனால் காட்சிகள் வரிசையில் நின்று, கடைசியில் சில வராமலே போகும். "அஸ்டாரியன் என்னிடம் பேசவே மாட்டேன் என்கிறான்" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு 40 கேம்ப் சப்ளை (உணவுப் புள்ளி). டாக்டிஷியன் கடினத்தில் 80. கண்ணில் படும் ரொட்டி, மீன், மதுப்புட்டி எல்லாவற்றையும் பொறுக்கி, அங்கேயே "முகாமுக்கு அனுப்பு" கொடுத்துவிடவும். பெட்டியில் இருக்கும் சாப்பாடும் கணக்கில் சேரும், யார் முதுகிலும் சுமை இல்லை. சப்ளை கொடுக்காமல் படுத்தால் பாதி ஓய்வு: உயிரும் ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) பாதிதான் திரும்பும், ஆனால் இரவு நகர்ந்துவிடும். காட்சி பார்ப்பதற்கென்றே இதைப் பயன்படுத்தலாம்.

ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) நாளுக்கு இரண்டு. பார்ட் லெவல் 2 ஆனதும் மூன்றாவது ஒன்று சேரும். லேஸெலின் ஆக்‌ஷன் சர்ஜ், வில்லின் ஸ்பெல் ஸ்லாட் இரண்டும் ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும். கேலுக்கும் ஷேடோஹார்ட்டுக்கும் இரவு வேண்டும். நீண்ட நிலவறை என்றால் முதல் இருவர், ஒரே பெரிய சண்டை என்றால் பின்னவர்கள்.

தூங்கக்கூடாத இடங்களும் உண்டு. வாக்கீன்ஸ் ரெஸ்ட் விடுதி எரிவதைப் பார்த்தபின் படுத்து எழுந்தால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற முடியாது. க்ரிம்ஃபோர்ஜ் என்ற நிலத்தடி இடத்தில் இடிபாட்டுக்குள் சிக்கிய நீர் (Nere) என்பவனும் காத்திருக்க மாட்டான்.

யார் பார்க்கிறார்கள் என்பதைப் பார்த்து

நல்லெண்ணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் கூட வருபவருக்கு மட்டும். எனவே நாலு பேரை வகுப்பு பார்த்து மட்டும் எடுக்கக்கூடாது, அன்றைய வேலையையும் பார்க்க வேண்டும். டீஃப்ளிங் இன அகதிகளுக்கு உதவும் வேலை என்றால் வில், கார்லாக், கேல். அஸ்டாரியனைக் கூட்டிப்போய் ஊருக்கு இலவசமாக உதவினால் ஒவ்வொரு பேச்சுக்கும் முகம் சுளிப்பான். நல்லெண்ண எண் -50 தொட்டால் ஆள் கிளம்பிவிடுவார், திரும்ப அழைக்க வழி இல்லை. க்ரோவைத் தாக்குவது போன்ற பெரிய செயல்களுக்கு, ஆளை முகாமில் விட்டுப்போகும் இந்தத் தந்திரம் செல்லாது. முகாமில் இருந்தாலும் வில்லும் கார்லாக்கும் போய்விடுவார்கள்.

கேல் மந்திரப் பொருள் கேட்பான், மொத்தம் மூன்று முறை. கொடுத்தது போனதுதான். ஆகவே யாரும் போடாத மோதிரம், கையுறை இரண்டு மூன்றை விற்காமல் வைத்திருங்கள். அவன் புத்தகத்தில் ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) ஏற்ற மந்திர லெவலுக்கு 50 தங்கம். அவன் தேர்ந்தெடுத்த பள்ளியைச் சேர்ந்ததென்றால் 25.

கார்லாக்கின் நெஞ்சுக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு இன்ஃபெர்னல் அயர்ன் வேண்டும். சரிசெய்யத் தெரிந்தவன் க்ரோவில் இருக்கும் கொல்லன் டேமன். அவன் செத்தால் இரண்டாம் ஆக்டில் லாஸ்ட் லைட் விடுதியில் நடக்க வேண்டிய அடுத்த பழுதுபார்ப்பும் போயிற்று.

லெவல் 4: முகாம் ஆளை வேலை வாங்குவது

விதர்ஸிடம் 100 தங்கத்துக்கு ஒரு கூலி க்ளெரிக். காலையில் அவரைச் சேர்த்து எய்டு போட வைத்து, திரும்ப அனுப்பிவிடலாம். அடுத்த லாங் ரெஸ்ட் வரை எல்லோருக்கும் உச்ச உயிர் 5 கூடும். ஒருவரை வெளியே நிறுத்தித்தான் கூலி ஆளைச் சேர்க்க முடியும் என்பதால் வெளியே நின்றவருக்கு அது கிடைக்காது. ஆளை மாற்றி இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு தடவை. லாங்ஸ்ட்ரைடர் தெரிந்தவர் யாராவது இருந்தால் சண்டைக்கு வெளியே ஸ்லாட் செலவில்லாமல் ஒவ்வொருவருக்கும் போடலாம், நடை 3 மீட்டர் கூடும்.

பொறி உள்ள அறை வந்தால் ஜி கீ அழுத்திக் குழுவைப் பிரித்துவிட்டு அஸ்டாரியனை மட்டும் அனுப்பவும். பிரிக்காமல் போனால் அவன் தாண்டிய தட்டை பின்னால் வரும் கேல் மிதிப்பான். கூட்டாளிகள் பொறியைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அப்புறமும் அதன்மேலேயே நடப்பார்கள்.

லெவல் 5: கோப்ளின் முகாம்

ட்ரூயிட் தலைவன் ஹால்சினை வோர்க் (ஓநாய் போன்ற விலங்கு) கூண்டிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும். கோப்ளின் தலைவர்களில் ஒருத்தியான மின்தாராவும் பின்னால் கூட்டாளியாக வேண்டுமென்றால் அவளைக் கொல்லாமல் மயக்கிப் போட வேண்டும். பேசிவ் பட்டியலில் நான்-லீதல் அட்டாக்ஸை அடிக்கப்போகும் ஆளுக்கு ஆன் செய்யவும். கைக்கெட்டும் அடிக்கு மட்டுமே அது பொருந்தும். அம்போ மந்திரமோ கடைசி அடியானால் செத்தாள். எரியும் நிலையும் கொல்லும் என்பதால் தீயில் தோய்த்த ஆயுதம் வேண்டாம். உயிர் பத்துக்குக் கீழே வந்ததும் கேலையும் வில்லையும் ஒதுக்கிவிட்டு, லேஸெல் கையால் முடித்தது சரியாக வந்தது. இரண்டாம் ஆக்டில் மூன்ரைஸ் கோபுரத்தில் அவள் இருப்பாள்.

மலைப்பாதைக்குப் போகும் முன் ஆட்டம் ஓர் எச்சரிக்கை காட்டும். அங்கே சேவ் செய்துவிட்டு, தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு முகாமில் யாராவது நின்றால் பேசி முடித்து, இன்னும் இரண்டு இரவு தூங்கி, புதிய காட்சி எதுவும் வரவில்லை என்று பார்த்தபின் கிளம்பவும்.