சானி பாஸுக்கு மேலே: பசோத்தோ ஊருக்குள் போகும் முறை

டர்பனிலிருந்து, தென்னாப்பிரிக்காவையும் லெசோத்தோவையும் இணைக்கும் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறுகிறவர்களில் பலர் உச்சியிலுள்ள மதுக்கடை வாசலில் படம் எடுத்துக்கொண்டு, லெசோத்தோவைப் பார்த்தாயிற்று என்று இறங்கிவிடுகிறார்கள். 2,874 மீட்டரில் இருக்கும் அந்த மேட்டைச் சுற்றித் தெரியும் வட்டக் குடிசைகளில் பல, மேய்ப்பர்கள் கோடையில் தங்குபவை. பசோத்தோ (லெசோத்தோ மக்கள்) குடும்பங்கள் வாழும் ஊர்கள் மொக்கொட்லொங் நகருக்குப் போகும் சாலையில், பள்ளத்தாக்குகளை ஒட்டி இருக்கின்றன. அங்கே ஓர் இரவாவது தங்கினால்தான் ஊர் பிடிபடும்.

எல்லை தாண்ட பாஸ்போர்ட்டோடு, வண்டி கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம், வேறொருவருடையது என்றால் போலீஸ் முத்திரையிட்ட அவருடைய ஒப்புதல், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். 4x4 (நான்கு சக்கர இயக்கம்) இல்லாத வண்டியைக் கீழே உள்ள தென்னாப்பிரிக்க எல்லைச்சாவடியிலேயே திருப்பிவிடுவார்கள். அதுவும் மேலே உள்ள லெசோத்தோ சாவடியும் காலை 6 முதல் மாலை 6 வரைதான். இடையே சுமார் 8 கி.மீ. என்றாலும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் தாமதமாகக் கிளம்பி நடுவில் டயர் போனால், இரவு இரண்டு நாட்டுக்கும் இடையில்தான். டீசலை மலையடிவார ஊரான அண்டர்பெர்க்கிலேயே நிரப்பிவிடுங்கள்.

இறங்கும்போது லோ ரேஞ்சில் (4x4 வண்டியின் குறைவேக கியர் அமைப்பு) முதல் கியர். பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெயில் படாத வளைவுகளில் பனி கண்ணாடியாய் உறைந்திருக்கும். அதற்குப் பிறகும் நம்ப முடியாது: 2024 செப்டம்பரில் வான் ரீனன் அருகே டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையையே பனி மூடியது.

ஊரில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். யாரைக் கண்டாலும் வணக்கம் முதலில்: ஆண் என்றால் ‘டுமேலா ந்தாத்தே’, பெண் என்றால் ‘டுமேலா ம்மே’. எழுத்தில் ‘லுமேலா’ என்றுதான் இருக்கும். அப்படியே வாசித்தால் சிரிப்பார்கள். பிறகு ஊர்த்தலைவர் வீட்டை விசாரித்து, தங்க அனுமதி கேளுங்கள். கேட்காமல் கூடாரம் அடிப்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை. மேலே மரமே கிடையாது, காய்ந்த சாணம்தான் எரிபொருள். அதனால் விறகு கேட்காமல் கேஸ் அடுப்பைக் கொண்டுபோங்கள்.

கம்பத்தில் பறக்கும் கொடிதான் கடைப்பலகை. வெள்ளை என்றால் வீட்டில் காய்ச்சிய சோள பீர், சிவப்பு இறைச்சி, பச்சை காய்கறி. புரட்டாசி விரதக்காரர்களுக்குப் ‘பாப்பா’ என்கிற மக்காச்சோளக் களியும் மொரொஹோ கீரையும் போதும். தாளித்தது எண்ணெயிலா கொழுப்பிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘மொத்தொஹோ’ கிடைத்தால் விடாதீர்கள். மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழ் போலப் புளிக்க வைத்த சோளக் கஞ்சி அது.

பிள்ளைகளுக்கு வழியில் மிட்டாய் வீசுவது கெட்ட பழக்கம், அடுத்த வண்டியை அவர்கள் துரத்த ஆரம்பிப்பார்கள். சர்க்கரை, தேயிலை, மெழுகுவர்த்தியைத் தங்கிய வீட்டில் கொடுங்கள். பையன்களை ஆண்களாக ஏற்கும் சடங்குக் காலத்தில் போர்வை போர்த்திய இளைஞர் கூட்டம் எதிர்ப்பட்டால் விலகி நில்லுங்கள், படம் எடுக்கவே கூடாது. தென்னாப்பிரிக்க ராண்டும் லெசோத்தோ நாணயமான லோட்டியும் சம மதிப்பு, ராண்டை அங்கே வாங்குவார்கள். லோட்டியை டர்பனில் எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள், மீதியை மேலேயே செலவழித்துவிடுங்கள்.