ஸ்லாஷ் இல்லாம என்ன கன்ஸ் அண்ட் ரோசஸ்!

2025 மே 17, மும்பை மகாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸ், அமெரிக்க ராக் பேண்ட் கன்ஸ் அண்ட் ரோசஸின்ர கச்சேரி. போயிட்டு வந்த எங்கட செட் இன்னும் அந்தக் கதையை விடேல்ல, வெள்ளவத்தையில நாலு பேர் பிளேன்டீ குடிக்கக் கூடினாலும் அதே பேச்சுத்தான். 2012இலயும் இவங்கள் இந்தியாவுக்கு வந்தவங்கள், ஆனா அப்ப கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் இல்லை, பிறகு 2016இல அவரும் பேஸ் கிட்டார் வாசிக்கிற டஃப்பும் திரும்பிச் சேர்ந்து, அதுக்குப் பிறகும் இவ்வளவு வருசம் காத்துக் கிடந்துதானே மச்சான் பாத்தது!

எங்கட செட்டில ஒரு அண்ணை, பேங்க்கில பெரிய ஆள், டை கட்டாம வெளிக்கிடாத மனுசன், அண்டைக்கு வெளிறிப்போன கறுப்பு டீசேர்ட்டோட, வண்டி கொஞ்சம் வெளியில தெரியத் தெரிய, கண்ணை மூடிக்கொண்டு காத்தில கிட்டார் வாசிச்சுக்கொண்டு நிண்டார். பக்கத்தில நிண்ட காலேஜ் பெடியனுக்கும் எல்லா வரியும் பாடம், அவன் பிறக்கிறதுக்கு முந்தி வந்த பாட்டுகள் (இதுகளுக்கு ஆர்தான் சொல்லிக் குடுக்கினமோ).

பாடகர் அக்ஸல் ரோஸுக்கு அப்ப 63 வயசு, குரல் பழைய மாதிரி இல்லைத்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஸ்லாஷ் அந்த லெஸ் போல் கிட்டாரை நிமித்திப் பிடிச்சு சோலோ தொடங்கினா ஆர் குரலைப் பாக்கிறது?

இங்க கொழும்பில சுகததாச ஸ்டேடியம் இருக்கு, ஒருக்கா வாங்கோவன். டிக்கெட் விலையை மட்டும் எங்கட வீட்டில கேக்காதேங்கோ 😄